இரண்டாம் வாரத்திலேயே பேசவிடுங்கள்: இளங்கலைப் பொருளாதார ஆய்வுக்கு மாணவர்களைத் தயார்செய்வது எப்படி?

பினாங்கில் இறுதியாண்டுப் பொருளாதார மாணவர்கள் 12 பேருக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஓர் இளம் விரிவுரையாளரின் கேள்வி இது: 14 வாரப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வைத் திட்டமிட்டுச் செய்து, கடைசி வாரத்தில் 15 நிமிடம் பேசிப் படைக்க வேண்டும். முந்தைய அணி அழகான ஸ்லைடுகளோடு வந்தது, "எதோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேட்டதும் பதில் இல்லாமல் நின்றது. இந்த அணியை எங்கிருந்து தொடங்கித் தயார்செய்வது?

படைப்பிலிருந்தே தொடங்குங்கள். வழக்கமான வரிசை என்ன? தலைப்பு, முந்தைய ஆய்வுகள், தரவு, மென்பொருள், ஆய்வேடு, கடைசியில் ஸ்லைடு. இந்த வரிசையில் போகும் மாணவர் தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லும் முதல் நாள் 14ஆம் வாரத்தில்தான் வருகிறது. ஒப்பீடு இல்லை என்பது அன்றுதான் தெரியவருகிறது. திருத்த நேரம் இல்லை. ஓட்டை எங்கே என்று பிறர் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே ஒரே படைப்பை நான்காகப் பிரியுங்கள்: 2ஆம் வாரம் 3 நிமிடம், ஸ்லைடே இல்லாமல், 5ஆம் வாரம் 5 நிமிடம், கையால் வரைந்த ஒரு படமும் எண் எழுதாத ஓர் அட்டவணையும் மட்டும், 9ஆம் வாரம் 8 நிமிடம், உண்மைத் தரவில் வரைந்த முதல் படத்தோடு, பிறகு 14ஆம் வாரத்து முழுப் படைப்பு. 12 பேருக்கு முதல் சுற்று, ஆளுக்கு 2 நிமிடக் கேள்வியையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் முடியும். இரண்டாம் சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதுதான் மிக முக்கியமான சுற்று.

முதல் சுற்றில் தலைப்பைக் கேள்வியாக்கும் வேலை நடக்க வேண்டும். "மலேசியாவில் வெங்காய விலை உயர்வு" என்பது தலைப்பு மட்டுமே. "இந்தியா 2023 டிசம்பர் 8 அன்று வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்த பின், பினாங்குக் கடைகளில் இந்தியப் பெரிய வெங்காயத்தின் விலை, அந்தத் தடை இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய விலையைவிடக் கிலோவுக்கு எத்தனை காசு கூடியது?" என்பது கேள்வி. எந்தப் பொருள், எந்த இடம், எந்தக் காலம், எதோடு ஒப்பீடு என்ற நான்கும் அதில் இருக்கின்றன. விடை ஓர் எண்ணாகவும் அதற்கு ஓர் அலகு உள்ளதாகவும் இருக்குமா என்று சோதித்துப் பாருங்கள். "தாக்கம்" என்ற சொல்லோடு ஒரு மாணவர் நின்றுவிட்டால், எதன் அளவு, எந்த அலகில் என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். வெங்காயத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலேசியா தனக்கு வேண்டிய வெங்காயத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. நம் சமையலறைகளில் அது இல்லாத நாள் கிடையாது. தரவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த முறைக்குள் வரக்கூடிய ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் இந்த ஒரே எடுத்துக்காட்டில் வந்துவிடுகிறது.

கேள்வி ஓரளவு உருவானதும், முந்தைய ஆய்வுகளைத் தேடுவதற்கு முன்பாகவே, தரவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கெடு போதும். உள்நாட்டு வாணிகம், வாழ்க்கைச் செலவின அமைச்சு திரட்டும் பிரைஸ்கேட்சர் விலைத் தரவு, 2022 ஜனவரி முதல் மாதத்துக்கு ஒரு கோப்பாக, புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தின் வழியே இலவசமாகக் கிடைக்கிறது. கோப்பில் தேதி, கடைக் குறியீடு, பொருள் குறியீடு, விலை என நான்கு நிரல்கள்தாம். கடையின் வகை, மாவட்டம், மாநிலம் ஒரு தனிக் கோப்பிலும், பொருளின் பெயரும் அலகும் இன்னொன்றிலும் இருக்கும். குறியீட்டைக் கொண்டு மூன்றையும் இணைக்க வேண்டும். இங்கே மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவையே. எக்செல் 1,048,576 வரிசைகளோடு நின்றுவிடும். பெரிய மாதக் கோப்பை அதில் திறந்தால் எச்சரிக்கையைக் கவனிக்காமல் சேமித்துவிட்டு, மாதக் கடைசி நாட்களே இல்லாத தரவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆர் அல்லது பைத்தானில் வேண்டிய பொருள் குறியீடுகளை மட்டும் பிரித்தெடுத்தால் சில ஆயிரம் வரிசைகளாகச் சுருங்கிவிடும். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் விலை எடுக்கப்படுவதில்லை. ஈரச் சந்தையும் பேரங்காடியும் மளிகைக் கடையும் கலந்திருப்பதால், ஒரு மாதம் பேரங்காடிகள் அதிகம் பதிவாகியிருந்தால் விலையே மாறாதபோதும் சராசரி மாறிவிடும். எனவே மாதச் சராசரிகளை ஒப்பிடாமல், ஒவ்வொரு கடையையும் அதே கடையோடு ஒப்பிட வேண்டும். ரெக்ரஷனில் (மாறிகளுக்கிடையிலான உறவை எண்ணாக மதிப்பிடும் கணக்கில்) கடைக்கொரு மாறிலி சேர்ப்பது இதற்குத்தான். மாணவர் இதை இந்த வார்த்தைகளில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "ஃபிக்ஸ்டு எஃபெக்ட் போட்டேன்" என்பது விளக்கமாகாது.

இனி "முன்" என்பது எது என்ற கேள்வி. மாணவர் வழக்கமாக டிசம்பர் 8க்கு முந்தைய மூன்று மாதங்களை எடுத்து, அதற்குப் பிந்தைய மூன்று மாதங்களோடு ஒப்பிடுவார். தவறு எங்கே என்று நிகழ்வுகளைத் தேதிவாரியாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும். 2023 ஆகஸ்டு 19 அன்றே இந்தியா 40 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்துவிட்டது. அக்டோபர் 29 முதல் டன்னுக்கு 800 அமெரிக்க டாலர் என்ற குறைந்தபட்ச ஏற்றுமதி விலை வந்தது. டிசம்பரில் வந்த தடை மூன்றாவது அடி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலான விலையை "இயல்பு விலை" என்று கொண்டால், ஏற்கெனவே ஏறிய விலையோடு ஒப்பிட்டு, விளைவைக் குறைத்து மதிப்பிடுவோம். உண்மையான முன்காலம் 2022 ஜனவரி முதல் 2023 ஜூலை வரையிலான 19 மாதங்கள்தான். தடை 2024 மே 4 அன்று நீங்கியபோதும் 40 விழுக்காடு வரியும் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் நடைமுறையில் இருந்தன. ஆகவே "பின்" காலமும் சுத்தமாக இல்லை. இதற்கிடையில் 2023 நவம்பர் 12 தீபாவளி, 2024 பிப்ரவரி 10 சீனப் புத்தாண்டு. பண்டிகைக் காலங்களில் அரசு சில பொருள்களுக்கு உச்சவரம்பு விலை அறிவிக்கும். தேர்ந்தெடுத்த பொருள் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று மாணவர் பார்த்தாக வேண்டும். இருந்திருந்தால் அந்த நாட்களின் விலையைச் சந்தை முடிவு செய்யவில்லை. இந்தக் கால அட்டவணையை ஒரே பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். பத்து ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் அவருக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அடுத்தது ஒப்பீட்டுப் பொருள். ஹாலந்துப் பெரிய வெங்காயத்துக்கு இந்தியத் தடை பொருந்தாது. அதையே ஒப்பீடாக வைக்கலாமே என்று கெட்டிக்கார மாணவர் சொல்வார். நல்ல யோசனைதான். ஆனால் இந்திய வெங்காயம் கிடைக்காதபோது மக்கள் ஹாலந்து வெங்காயத்துக்குத் தாவுவார்கள். அதன் விலையும் ஏறும். ஒப்பீட்டுப் பொருளே பாதிக்கப்பட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிப்போகும். அப்படியானால் வெங்காயத்துக்கு மாற்றாக யாரும் வாங்காத ஒரு பொருளை, அதாவது இறக்குமதியாகும், ரிங்கிட் மதிப்போடு விலை மாறும் ஒன்றை, இரண்டாவது ஒப்பீடாகச் சேர்க்கலாம். பூண்டு ஒரு வாய்ப்பு. இரண்டு ஒப்பீடுகளும் வெவ்வேறு விடை தந்தால் அந்த வேறுபாடே ஒரு கண்டுபிடிப்பு. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சரக்கு தீர்ந்த கடையில் விலை பதிவாகாது. பதிவாவது பழைய சரக்கு மிச்சமிருந்த கடைகளின் விலையும், வேறு வழியில் சரக்குப் பெற்ற கடைகளின் விலையும்தான். எனவே விலையோடு சேர்த்து, வாரந்தோறும் எத்தனை கடைகளில் இந்திய வெங்காயத்துக்கு விலை பதிவாகியது என்பதையும் வரைய வேண்டும். அந்த எண்ணிக்கை சரிந்திருந்தால், விலைப்படம் கதையின் பாதியைத்தான் சொல்கிறது.

இதையெல்லாம் கணினிக்கு முன் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. சௌராஸ்டா சந்தையிலும் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா மொத்தக் கடைகளிலும் ஒரு காலைப்பொழுது நின்று கேட்கட்டும்: சரக்கு எத்தனை நாளில் தீர்ந்தது, அதற்குப் பதிலாக எந்த நாட்டு வெங்காயம் வந்தது, பெயர்ப்பலகையை மாற்றினீர்களா, பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றீர்களா? கடைக்காரர்களிடம் தமிழில் பேச முடிவது நம் மாணவர்களுக்கு இருக்கும் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் விடுவது அநியாயம். இது எண்ணிக்கைத் தரவு ஆகாது, ஆய்வேட்டில் சான்றாக வைக்கவும் கூடாது. ஆனால் எந்த வாரத்தில் விலை அசைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இதுதான் கொடுக்கும்.

5ஆம் வாரத்துக்கு ஆளுக்கொரு மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) கொடுங்கள். அதில் கிடையச்சில் காலம், நிலையச்சில் கிலோவுக்கு எத்தனை ரிங்கிட், மூன்று கொள்கைத் தேதிகளிலும் செங்குத்துக் கோடுகள். கருதுகோள் சரியென்றால் இரு பொருள்களின் விலைக்கோடும் எப்படிப் போகும் என்று நீல மையில், தவறென்றால் எப்படிப் போகும் என்று சிவப்பு மையில். கீழே எண்ணில்லாத அட்டவணை: எத்தனை நிரல், ஒவ்வொன்றிலும் என்ன மாறுகிறது, எந்தக் கெழுவை (ரெக்ரஷன் தரும் எண்ணை) படிக்கப் போகிறோம். நீலமும் சிவப்பும் ஒரே மாதிரி வந்தால் அந்த ஆய்வு எதையும் சோதிக்கவில்லை. அன்றே கேள்வியை மாற்றிக்கொள்ள இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.

இந்தச் சுற்றில் சில திட்டங்களை நீங்கள் நிறுத்த வேண்டியும் வரும். 2020 பிப்ரவரி 1 முதல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட், மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட் என்று ஆனது. ஒப்பீட்டுக்கென்றே செய்தது போல் தோன்றும். ஆனால் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது; இடையில் ஏழு வாரம்கூட இல்லை, முடக்கம் நகரங்களை ஒரு விதமாகவும் கிராமங்களை வேறு விதமாகவும் அடித்தது. இளங்கலை மாணவர் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மாறாக, 2024 ஜூன் 10 டீசல் விலை மாற்றம் செய்யத்தக்கது: தீபகற்பத்தில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட், அதாவது சுமார் 56 விழுக்காடு உயர்வு. சபா, சரவாக், லபுவானில் 2.15 ரிங்கிட்டே நீடித்தது. காய்கறி விலை தீபகற்பத்தில் கூடுதலாக ஏறியதா? இங்கும் இரண்டு கண்ணிகள். சரக்கு லாரிகள் பலவற்றுக்கு மானிய விலை அட்டை கொடுக்கப்பட்டது. ஆகவே விளைவு சிறியதாக வந்தால் "டீசல் விலைக்கும் காய்கறிக்கும் தொடர்பில்லை" என்று முடிவுகட்டக் கூடாது, விலக்கு வேலை செய்தது என்பதாகவும் இருக்கலாம். அடுத்து, கடைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கொள்கை மாறியது பிரதேச அளவில். மாறாத பக்கத்தில் இருப்பவை மூன்றே. கடை அளவில் கணக்கிட்ட நியமப் பிழை (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடக்கூடும் என்ற அளவு) அளவுக்கு மீறிச் சிறியதாக வரும், எல்லாவற்றிலும் "முடிவு குறிப்பிடத்தக்கது" என்று காட்டும் நட்சத்திரம் மின்னும். கொள்கையே மாறாத 2023 ஜூன் 10ஐப் பொய்த் தேதியாக வைத்து அதே கணக்கை ஓட்டச் சொல்லுங்கள். அங்கும் "விளைவு" வந்தால் முறையில் கோளாறு.

கருத்தாய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் 384 என்ற எண்ணோடு வருவார்கள். கிரெய்சி, மோர்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது அது: 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384. ஒரே ஒரு விகிதத்தை, 5 விழுக்காட்டுப் புள்ளி துல்லியத்தில், குலுக்கல் முறையில் எடுத்த மாதிரியிலிருந்து மதிப்பிடுவதற்கு அது பொருந்தும். வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் அனுப்பிச் சேர்த்த 384 பேர் குலுக்கல் மாதிரி ஆகமாட்டார்கள். எண்ணிக்கையைக் கூட்டினாலும் அந்தக் கோணல் நேராகாது. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதென்றால் கணக்கே வேறு. நியம விலக்கத்தில் (மதிப்புகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவில்) ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்க, குழுவுக்குச் சுமார் 390 பேர் வேண்டும். மனிதர்களிடம் தரவு வாங்கினால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறவும் நேரம் பிடிக்கும். 3ஆம் வாரத்துக்குள் விண்ணப்பிக்காதவர் அரசுத் தரவுக்கு மாறிவிடுவது நல்லது.

ஆண்டுத் தரவோடு ஈவியூஸ் மென்பொருளில் ஏஆர்டிஎல் (முந்தைய ஆண்டுகளின் மதிப்புகளையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு ரெக்ரஷன் முறை) ஓட்டும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. 30 ஆண்டு, ஒரு சார்பு மாறி, ஐந்து விளக்க மாறி, எல்லாவற்றுக்கும் இரண்டு பின்னடைவு (முந்தைய இரண்டு ஆண்டு மதிப்புகள்) என்றால் மாறிலியோடு சேர்த்து 18 கெழுக்கள். பயன்படும் அவதானிப்புகளோ 28. கெழுக்களைக் கழித்தால் மிஞ்சும் சுதந்திரப் படிகள் 10 மட்டுமே. ஒரே ஆண்டை நீக்கினாலே குறி மாறிவிடக்கூடிய மதிப்பீடு அது. மாறிகளை இரண்டாகக் குறைக்கட்டும், அல்லது காலாண்டுத் தரவுக்குப் போகட்டும்.

கோப்பு ஒழுங்கைப் பற்றி ஒன்றே ஒன்று: பதிவிறக்கிய மூலக் கோப்பை ஒருபோதும் கையால் திருத்தக் கூடாது; எல்லாத் திருத்தமும் ஆர் அல்லது பைத்தானில் எழுதிய கணினி நிரலில் இருக்க வேண்டும். 9ஆம் வாரத்தில் மாணவர் தன் நிரலை வகுப்புத் தோழரின் கணினியில் ஓட்டிக் காட்டட்டும். அதே படம் வர வேண்டும்.

இனி 15 நிமிடம். முதல் இரண்டு நிமிடத்தில் கேள்வியும் விடையும் வந்துவிட வேண்டும், விடை எண்ணோடு. மர்மக் கதைபோல் கடைசிவரை மறைத்துவைப்பது கேட்பவரின் பொறுமையைத் தின்னும். கொள்கைத் தேதிகளுக்கு இரண்டு நிமிடம், தரவுக்கும் ஒப்பீட்டுக்கும் மூன்று, முதன்மைப் படத்துக்கும் ஓர் அட்டவணைக்கும் ஐந்து, பலவீனங்களுக்கு இரண்டு, மிச்சம் முடிப்புக்கு. எட்டு முதல் பத்து ஸ்லைடு போதும். முந்தைய ஆய்வுகளுக்கு அரை நிமிடம். மிக நெருக்கமான இரண்டு மூன்றை மட்டும், "அவர்கள் இதைக் காட்டினார்கள், நான் பார்ப்பது இது" என்ற அளவில். மென்பொருளின் திரையை அப்படியே ஒட்டிய ஸ்லைடை ஏற்காதீர்கள். 24 புள்ளிக்குக் குறைந்த எழுத்தைக் கடைசி வரிசை படிக்காது. படத்தைக் காட்டும்போது முதலில் அச்சுகளைச் சொல்லி, பிறகு ஒரு கோட்டை விரலால் தொடர்ந்து, அதன் பிறகே முடிவைச் சொல்லப் பழக்குங்கள். பெரும்பாலோர் நேராக முடிவுக்குத் தாவுகிறார்கள். கேட்பவர் இன்னும் நிலையச்சில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

எண்ணைச் சொல்லும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். விலையின் லாக் (மடக்கை) எடுத்த ரெக்ரஷனில் கெழு 0.35 என்றால் உயர்வு 35 விழுக்காடு ஆகாது, ஏறக்குறைய 42. சிறிய கெழுக்களுக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை, பெரியவற்றுக்கு உண்டு. "குறிப்பிடத்தக்கது அல்ல" என்பதை "விளைவு இல்லை" என்று படிப்பது அதைவிட மோசம். மதிப்பீடு 12 காசு, நம்பிக்கை இடைவெளி (தரவோடு பொருந்தக்கூடிய மதிப்புகளின் எல்லை) மைனஸ் 30 முதல் 54 காசு வரை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தரவு அரை ரிங்கிட் உயர்வைக்கூட மறுக்கவில்லை. சொல்ல வேண்டியது, "இந்தத் தரவால் சிறிய விளைவையும் பெரிய விளைவையும் பிரித்தறிய முடியவில்லை" என்பதே. மலாயிலோ ஆங்கிலத்திலோ படைப்பதற்கு முன், இதைத் தொழிற்சொல் எதுவும் இல்லாமல் வீட்டில் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லிப் பார்க்கட்டும். எங்கே திணறுகிறாரோ அங்கே புரிதல் குறைவு.

கேள்வி நேரத்துக்கு, வகுப்பிலுள்ள மற்ற 11 பேரும் 9ஆம் வாரத்தில் ஆளுக்கொரு கேள்வியை எழுதிக் கொடுக்கட்டும். அவற்றில் அடிக்கடி வருபவற்றுக்கு மூன்று கூடுதல் ஸ்லைடுகள் கடைசியில் தயாராக இருக்க வேண்டும். தெரியாத கேள்விக்கு நல்ல பதில் உண்டு: "அதை நான் சோதிக்கவில்லை, சோதிப்பதென்றால் இந்தத் தரவை இப்படி எடுத்திருப்பேன்."

மதிப்பெண்ணை 2ஆம் வாரத்துக்கு 10, 5ஆம் வாரத்துக்கு 30, 9ஆம் வாரத்துக்கு 20, இறுதிக்கு 40 என்று பிரிக்கலாம். முடிவு புள்ளியியல் அளவில் குறிப்பிடத்தக்கதாக வந்ததா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நட்சத்திரம் வரும்வரை ஓட்டுவார்கள். எந்த விளைவுமே இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 5 விழுக்காட்டு அளவில் ஓட்டினால், ஒன்றாவது தற்செயலாக மின்னுவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இதற்குக் காப்பு எளிது: 5ஆம் வாரத்து மாஜோங் தாளைத் தேதியோடு படம் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இறுதியில் மாறியவை எல்லாம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பக்கத்தில், மாறிய தேதியோடும் காரணத்தோடும் வரட்டும்.